இல்லத்திற் கூடிய கலை அவைகள்

கலைகள் வளர்ந்த இடங்கள் எவை என்று வினவுவார்க்கு வரலாற்று நூல்கள் இரண்டு விடைகள் தருகின்றன. கோயில் என்பது ஒன்று. அரசவை என்பது மற்றொன்று. தஞ்சைப் பெருங்கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் குடியேற்றப்பட்ட செய்தியை இராசராசனின் கல்வெட்டுக் கூறுகின்றது. நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் புலவரைப் புரந்த செய்தியை நூல்கள் கூறுகின்றன. ஆயின் மூன்றாவது இடம் ஒன்று உண்டு. அது இல்லம். ஒருவர் தம் வீட்டு வாயிலைத் திறந்து வைத்து, புலவரையும் பாடகரையும் ஓவியரையும் ஒருங்கே இருத்தி, உணவும் உரையாடலும் அளித்து, ஒரு கலைஞர் மற்றொரு கலைஞரை அறியச் செய்யும் அவை அது. அதற்குக் கல்வெட்டு இல்லை, பட்டயம் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை. அக்காரணத்தால் அதன் பெருமை பெரிதும் பேசப்படாது போயிற்று.

கோயிலிற் கலைஞன் வழிபாட்டிற்கு உரியவன். அரசவையிற் பரிசிலுக்கு உரியவன். இக்காலச் சபைகளிற் கட்டணத்திற்கு உரியவன். இல்லத்தில் மாத்திரம் அவன் விருந்தினன். விருந்தினனாய் அமர்ந்தவன் பாடலாம், பாடாதிருக்கலாம், வினவலாம், மறுக்கலாம், தன் குறையைத் தானே கூறவும் செய்யலாம். ஓவியம் இசைக்குச் சொல்ல வேண்டியதும், இசை கவிதைக்குச் சொல்ல வேண்டியதும் இத்தகைய இடங்களிலேதான் சொல்லப்பட்டன.

திண்ணையும் தலைவாசலும்

யாழ்ப்பாணத்து வீடமைப்பை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். பழைய நாற்சார் வீட்டில் உள்வீடு மகளிர்க்கும் உறவினர்க்கும் உரியது. நடுமுற்றம் சடங்குகளுக்கு உரியது. திண்ணையும் தலைவாசலும் வந்தாருக்கு உரியன. ஊர்ப் பெரியார் மாலைப் பொழுதிற் கூடி ஏடு வாசித்ததும், இலக்கண விவாதம் செய்ததும் அவ்விடத்தேயாம். ஆசிரியர்கள் மாணாக்கருக்குப் பாடஞ் சொன்னதும் பெரும்பாலும் திண்ணைகளிலேதான்.

இம்மரபின் உயர்ந்த வடிவம் புராணபடனம். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்வார். வாசிப்பவருக்கு இசைப் பயிற்சி வேண்டும். பயன் சொல்பவருக்கு இலக்கணமும் சித்தாந்தமும் வேண்டும். கேட்பவருக்குப் பொறுமை வேண்டும். இசையும் இலக்கியமும் தத்துவமும் ஓரிடத்திற் சேர்ந்து நின்ற நிலை இது. கோயில் மண்டபங்களில் நடந்த இப்படனத்துக்கு வீட்டுத் திண்ணையே பயிற்சிக்களமாக அமைந்தது. யாழ்ப்பாணத்தவரின் வாழ்க்கைமுறையைக் ‘கந்தபுராண கலாசாரம்’ என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899-1986) குறித்தமை இதன் வலிமையைக் காட்டும்.

எனினும் திண்ணைக்கு ஓர் எல்லை இருந்தது. புராணத்துக்குப் பயன் சொன்னவரும் தேர்ச்சிற்பம் செதுக்கியவரும் ஒரே திண்ணையிற் சமமாய் அமர்ந்ததில்லை. நாதசுரமும் தவிலும் கோயில் வீதியிற் போற்றப்பட்டன. வாசித்தவருக்கு அறிஞர் கூடிய தலைவாசலில் இடமில்லை. சாதியென்னும் தடை கலைகளுக்கிடையேயும் வேலியாய் நின்றது. இணுவிலிலும் அளவெட்டியிலும் இசைக் குடும்பத்தார் தம் வீடுகளையே பள்ளியாக்கிக் கொண்டு தந்தை மைந்தனுக்கும், மாமன் மருகனுக்கும் வித்தையை அளித்தனர். தவில் வித்துவான் தட்சிணாமூர்த்தி (1933-1975) தமிழகமும் வியக்கும் கலைஞராய் எழுந்தமைக்கு அத்தகைய இல்லப் பயிற்சியே அடிநிலமாயிற்று. நாட்டுக்கூத்து அண்ணாவிமாரின் முற்றங்களும் இவ்வாறானவையே. ஆங்கே பாட்டும் ஆட்டமும் மத்தளமும், முடி செய்யும் கைவினையும், கொப்பி எழுதும் புலமையும் ஓரிரவிற் சேர்ந்தன. படித்தோர் அவற்றைக் கலை அவை என எண்ணவில்லை. ஆயினும் பல கலைகள் ஒன்றுகூடும் இடமே கலை அவை என்றால், அம்முற்றங்கள் திண்ணைகளினும் அப்பெயர்க்குக் கூடிய உரிமையுடையன.

பிறநாட்டு முன்னோடிகள்

ஐரோப்பாவில் இவ்வழக்கம் பதினேழாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. பாரிஸ் நகரில் ராம்பூயே சீமாட்டி தம் மாளிகையின் ‘நீல அறை’யிற் கவிஞரையும் பிரபுக்களையும் கூட்டினார். அரண்மனைச் சம்பிரதாயம் அங்கு இல்லை. பிறப்பினும் பேச்சுத்திறனே மதிக்கப்பட்டது. அதனைப் பின்பற்றிப் பல மாளிகைகள் எழுந்தன. பெரும்பாலானவற்றிற்குப் பெண்களே தலைமை தாங்கினர் என்பது கருதத்தக்கது.

இந்தியாவிற் கல்கத்தா ஜோராசாங்கோவிலுள்ள தாகூர் குடும்பத்தின் இல்லம் இவ்வகையில் தலைசிறந்தது. இரவீந்திரர் பாட்டியற்றினார், அவனீந்திரரும் ககனேந்திரரும் ஓவியந் தீட்டினர், குடும்பத்தார் நாடகம் நடித்தனர். 1915இல் அவ்வில்லத்தில் ‘விசித்திரா’ என்னும் கலைக்கூட்டம் அமைந்தது. ஒரு குடும்பத்தின் பொழுதுபோக்காய்த் தோன்றியது வங்காளத்தின் கலை மறுமலர்ச்சியாய் விரிந்தது. யாழ்ப்பாணத்தாரின் குருதி கலந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877-1947) இக்குடும்பத்தோடு நெருங்கிய தொடர்புடையவராயிருந்தார். சிற்பத்தையும் நடனத்தையும் தத்துவத்தையும் தனித்தனியே பிரித்து நோக்காது ஒன்றாய் நோக்கும் அவர் பார்வைக்கு இத்தகைய சூழல் இயைந்ததாயிற்று.

வட்டத்தொட்டி

தமிழகத்தில் இல்லக் கலை அவைக்கு எடுத்துக்காட்டாய் நிற்பது திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882-1954) வீட்டில் 1924 அளவிற் கூடிய வட்டத்தொட்டி. முதலியார் வழக்கறிஞர். பின்னர்ச் சட்டசபை உறுப்பினராகவும், அறநிலையப் பாதுகாப்புச் சபை ஆணையாளராகவும் இருந்தவர். அவர் வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் ஞாயிறுதோறும் மாலையில் நண்பர் கூடியமையால் அவைக்கும் அப்பெயரே நிலைத்தது. அவைக்குத் தலைவர் இல்லை, செயலாளர் இல்லை, சந்தாவும் இல்லை.

அங்கு நிகழ்ந்தது யாது? ஒரு செய்யுளை எடுத்துக்கொள்வர். பதவுரை, பொழிப்புரை என்ற முறையில் அதனை உடைப்பதில்லை. அதன் தாளத்தையும் உணர்ச்சியையும் காது அறியும்வரை முதலியார் அதனைத் திரும்பத் திரும்ப இசையோடு சொல்வார். கவிதை கண்ணாற் படிக்கப்படுவதன்று, செவியால் அனுபவிக்கப்படுவது என்பது அவர் கொள்கை. கம்பரும் முத்தொள்ளாயிரமும் தனிப்பாடல்களும் இவ்வாறு பண்டிதர் கையிலிருந்து பொதுமக்கள் செவிக்கு வந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களுக்குக் கிடைத்த புகழிலும் முதலியாருக்குப் பெரும் பங்குண்டு.

கவிதையைப் பாட்டாய் நோக்கியவர் பாட்டிற் கவிதையைத் தேடுதல் இயல்பே. கேட்போர்க்கு விளங்காத மொழியிற் பாடுவதால் இசையின் பயன் குறைகின்றது என்னும் எண்ணம் அங்கு வலுப்பெற்றது. அண்ணாமலை அரசரின் ஆதரவுடன் தமிழிசை இயக்கம் 1940களின் தொடக்கத்தில் எழுந்தபோது இராஜாஜியும் கல்கியும் முதலியாரும் அதற்குத் துணைநின்றனர். 1943இற் சென்னையிற் தமிழிசைச் சங்கம் தோன்றியது. ஒரு வீட்டுத் தொட்டிக்கட்டிற் பேசப்பட்ட இரசனை, ஒரு மாநிலத்தின் இசைமேடையை அசைத்த கிளர்ச்சியோடு இவ்வாறு கலந்தது.

அவ்வட்டத்தைச் சேர்ந்த தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானின் வாழ்வு மற்றொரு சான்று. கம்பனைச் சுவைக்கப் பழகிய அவர் கோயிற் சிற்பங்களைக் கவிதையைப் போலவே சுவைக்கத் தொடங்கினார். தஞ்சை மாவட்டத்திற் கேட்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் திரட்டி, 1951இல் தஞ்சைக் கலைக்கூடம் அமைவதற்கு முன்னின்று உழைத்தார். கவிதைக்கென அமைந்த அவை சிற்பத்திற்கும் காவலரை அளித்தது. பல துறை இரசனைகள் ஒன்றையொன்று தொடும்போது விளையும் பயன் இதுவேயாம்.

முதலியார் பிற்காலத்திற் குற்றாலத்தில் வாழ்ந்தபோது அவை அங்கு இடம்பெயர்ந்தது. இராஜாஜியும் கல்கியும் மற்றும் பல நண்பரும் ஆங்கே விருந்தினராயினர். அருவி நீராட்டும் அறுசுவை உணவும் கம்பன் கவியும் ஒன்றையடுத்து ஒன்றாய் வந்தன.

எனினும் குறையும் கூறல் வேண்டும். அவையின் சுவை ஒருவர் சுவையாயிற்று. கம்பர் பாடல்களிற் பலவற்றை இடைச்செருகல் என ஒதுக்கியும், சொற்களைத் திருத்தியும் முதலியார் செய்த பதிப்பைப் புலவர் பலர் ஏற்கவில்லை. பாடலின் தூய்மையைச் சுவையொன்றினால் அளத்தல் ஆகுமா, ஏட்டுச் சான்று வேண்டாவா என்ற அவர்தம் வினா நியாயமானதே. விருந்தளிப்பவர் மீதுள்ள அன்பினால் விருந்தினர் மறுத்துப் பேசத் தயங்குதல் இல்ல அவைகளுக்கு இயல்பாய் உள்ள இடர் என்க.

லயனல் வென்ட் இல்லம்

இலங்கையில் இம்மரபின் உச்சியாய் விளங்கியது கொழும்பு கில்ட்போட் கிறசென்ற் வீதியிலிருந்த ‘அல்பொறாடா’ என்னும் இல்லம். அதன் உரிமையாளர் லயனல் வென்ட் (1900-1944) பறங்கியர் குலத்தவர்; உயர்நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் மைந்தர். இலண்டனிற் சட்டமும் பியானோ இசையும் ஒருங்கே பயின்று 1924இல் மீண்டார். சில காலத்துள் சட்டத்தைக் கைவிட்டு இசையையே தொழிலாக்கினார். பின்னர் ஒளிப்படக் கலையில் ஈடுபட்டு இலங்கையின் முதன்மையான ஒளிப்படக் கலைஞரானார். இசை, ஒளிப்படம், ஓவிய விமரிசனம் ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே அமைந்தமையால் அவர் வீடும் மூன்று துறையாருக்கும் பொதுவாயிற்று.

சிலி நாட்டின் கொன்சலாய் 1929இற் கொழும்புக்கு வந்த இளங்கவிஞர் பாப்லோ நெரூடா, வென்டை அந்நகரின் கலைவாழ்வுக்கு மையமானவராய்த் தம் நினைவுக் குறிப்புக்களிற் போற்றியுள்ளார். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அக்கவிஞர், ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் படைப்புக்களைப் பாராட்டி எழுதியமையும் அக்காலத்தேயாம். கீற் ஓவியர் மாத்திரமல்லர், கவிஞருமாவர், ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சொல்லும் கோடும் ஒருவர் கையிற் சேர்ந்தமைக்கு அவரே தக்க சான்று.

1934இற் பஸில் றைற் என்னும் ஆங்கிலேயர் ‘இலங்கையின் கீதம்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தபோது வென்ட் அவருக்கு வழிகாட்டியாயினார். படத்தின் உரையை வாசித்த குரலும் வென்டினுடையதே. கண்டி நடனக் கலைஞர் அப்படத்திற் பெருமையுடன் தோன்றுகின்றனர். ஆங்கிலங் கற்ற கொழும்பு மக்கள் அந்நடனத்தைப் பெரும்பாலும் பெரஹராவின் வேடிக்கையாய்க் கருதியிருந்த காலம் அது. வென்டும் கீற்றும் அதனை உயர்கலையாய் மதித்தனர், அக்கலைஞரை ஆதரித்தனர், படம் பிடித்தனர். தம் வகுப்பார் காணாத கலையைக் கண்டு அதனை அவர்முன் நிறுத்தியது வென்டின் பெருஞ் சாதனை.

1943ஆம் ஆண்டு ஓகஸ்ற் 29ஆந் திகதி அவ்வில்லத்தில் ஓவியர் சிலர் கூடினர். 1891இற் தோன்றிய இலங்கைக் கலைச் சங்கம் ஆங்கிலக் கல்லூரி மரபையே பற்றி நின்றது. புதுவழி நாடியோர்க்கு அங்கு இடம் அரிதாயிற்று. ஆகவே புதிய குழு ஒன்று அன்று அமைக்கப்பட்டது. அதுவே ‘43ஆம் ஆண்டுக் குழு’. ஹரி பீரிஸ் செயலாளரானார். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, றிச்சேட் கேபிரியல், ஜோர்ஜ் கிளாசன், கேலிச்சித்திரக் கலைஞர் ஒப்றி கொலற், சித்திரக் கல்வி அதிகாரி ஜெப்றி பீலிங், விகாரைச் சுவரோவியங்களைப் பிரதிசெய்த மஞ்சுசிறி தேரர் ஆகியோர் அதனைச் சேர்ந்தவர். துறவியும் கேலிச்சித்திரக்காரரும், சிங்களவரும் பறங்கியரும் தமிழரும் ஒரு வீட்டுக் கூடத்திற் சமமாய் அமர்ந்தனர். அத்தமிழர் யாழ்ப்பாணத்து எஸ். ஆர். கனகசபை ஆவர்.

இக்குழுவிற்குப் பொதுவான பாணி ஒன்று விதிக்கப்படவில்லை. கீற்றின் வளைகோடும் தரணியகலவின் கனத்த வண்ணமும் ஒன்றுக்கொன்று மாறானவை. வட்டத்தொட்டியில் விருந்தளித்தவரின் சுவையே அளவுகோலாயிற்று. வென்ட் இல்லத்திலோ விருந்தளித்தவர் சுவைகளின் வேறுபாட்டையே போற்றினார். இவ்வேறுபாடே குழுவுக்கு நெடிய ஆயுள் அளித்தது எனலாம். 1943 நவம்பரில் முதற் கண்காட்சி நடந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வென்ட் தமது 44ஆம் வயதிற் காலமானார். ஆயினும் குழு கலைந்திலது. 1952இல் இலண்டனிலும் 1953இற் பாரிசிலும் அதன் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

வென்ட் வாழ்ந்த மனை இருந்த இடத்திலே அவர் பெயரால் நினைவு மன்றம் எழுந்தது. 1953இல் அதன் அரங்கு திறக்கப்பட்டது. பின்னர் ஓவியக்கூடமும் சேர்க்கப்பட்டது. மும்மொழி நாடகங்களும் அதன் மேடையேறியுள்ளன. ஹரி பீரிஸின் பார்ண்ஸ் பிளேஸ் இல்லமும் சபுமல் நிறுவனம் என்னும் பெயரில் இக்குழுவின் ஓவியங்களுக்குக் காப்பகமாயிற்று. விருந்தளித்தவர் மறைந்தபின் வீடு மூடப்படாது பொதுமன்றமாய் மாறிய அரிய வரலாறு இது.

யாழ்ப்பாணத்தில் எழுந்த முயற்சிகள்

கொழும்பில் ஏற்றிய சுடர் வடக்கிலும் ஒளி வீசிற்று. இலங்கைப் பாடசாலைகளிற் சித்திரக் கல்வியைச் சீர்திருத்தியவர் வின்சர் என்னும் ஆங்கிலேயர். வென்டுக்கும் கீற்றுக்கும் ஊக்கமளித்தவரும் அவரே. அவர் பெயரால் 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவியவர் எஸ். ஆர். கனகசபை. பாடசாலைச் சித்திர ஆசிரியர்களே அதன் உயிர்நாடி. சுண்ணாம்புச் சுவரும் பனங்கூடலும் குளக்கரையும் வரைபொருளாகத் தகுவன என்னும் உணர்வு யாழ்ப்பாணத்தில் வேரூன்றியதற்கு இத்தகைய கழகங்களே காரணம். ஓவியர் அ. மாற்கு (1933-2000) பிற்காலத்தில் எண்ணற்ற மாணாக்கருக்கு ஆசானாய் விளங்கியதும் இவ்வழியிலேயாம்.

கலைப்புலவர் க. நவரத்தினத்தின் தொண்டு வேறு வகையானது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி ஆசிரியரான அவர் கலாநிலையம் என்னும் அமைப்பை நடத்தினார். 1933இல் ‘ஞாயிறு’ என்னும் இதழ் அதன் வெளியீடாய் மலர்ந்தது. ‘தென்னிந்திய சிற்ப வடிவங்கள்’, ‘இலங்கையிற் கலைவளர்ச்சி’ ஆகிய நூல்கள் அவர் உழைப்பின் பேறுகள். கோயிலுக்குச் சென்று வணங்கத் தெரிந்த சமுதாயத்துக்கு, வணங்கும் திருவுருவைக் கலையாய் நோக்கவும் கற்பித்தவர் அவர். ஆனந்த குமாரசுவாமி ஆங்கிலத்திற் கூறியவற்றிற்குத் தமிழில் வாயில் திறந்தவர் எனினும் பொருந்தும்.

1934இல் இரவீந்திரநாத தாகூர் தம் சாந்திநிகேதனக் குழுவுடன் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தையும் கண்டார். அக்குழு ஆடிய ‘சாபமோசனம்’ என்னும் நடன நாடகத்திற் கவிதையும் இசையும் ஆடலும் வண்ண உடையும் ஒருவர் எண்ணத்திற் பிறந்து ஒன்றாய் நின்றன. நற்குடிப் பெண்கள் மேடையில் ஆடுதல் ஆகாது என்றிருந்த சமுதாயம் தன் எண்ணத்தை மீளாய்வு செய்தற்கு இத்தகைய காட்சிகள் துணைசெய்தன.

குரும்பசிட்டி இரசிகமணி கனக செந்திநாதனின் (1916-1977) முயற்சியும் குறிப்பிடத்தக்கது. கலைஞரை ஒரு வீட்டுக்கு அழைப்பதற்கு மாறாக, அவர் நூல்களை வீடுதோறும் கொண்டுசென்றார். ‘நடமாடும் நூல்நிலையம்’ எனும் பெயர் அவருக்கே உரியதாயிற்று. திருநெல்வேலி இரசிகமணி வாயிலைத் திறந்து வைத்தார். குரும்பசிட்டி இரசிகமணி பிறர் வாயில்களைத் தேடிச் சென்றார்.

அண்ணாவிமாரின் முற்றங்களுக்கு மதிப்பு வந்ததோ மிகப் பிந்தியே. 1956க்குப் பின் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் வாயிலாகக் கூத்துக்களைத் தேடியெடுத்து, அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மேடையேற்றினார். வென்ட் கண்டி நடனத்துக்கு முன்னர்ச் செய்ததை அவர் தமிழ்க் கூத்துக்குப் பின்னர்ச் செய்தார்.

வரலாறு புகட்டும் பாடம்

இவற்றை ஒப்புநோக்குவார்க்குச் சில உண்மைகள் தெளிவாகும். முதலாவது, இத்தகைய அவைக்குச் செல்வத்தினும் ஒழுங்கே இன்றியமையாதது. ஞாயிறு மாலை என்றால் ஞாயிறு மாலையே. இரண்டாவது, விருந்தளிப்பவர் ஒரு கலையிலேனும் ஆழ்ந்தவராயும் பிற கலைகளில் அவாவுடையவராயும் இருத்தல் வேண்டும். மூன்றாவது, மறுத்துரைக்கும் உரிமை விருந்தினர்க்கு இருத்தல் வேண்டும். நான்காவதும் தலையாயதும் யாதெனின், வாயில் யாருக்குத் திறந்திருந்தது என்பதேயாம். கற்றவர் கற்றவரை அழைத்தல் எளிது. கண்டி நடனக் கலைஞரை, கூத்து அண்ணாவியாரை, தவில் வித்துவானை, சிற்பாசாரியாரைச் சமமாய் இருத்துதலே அரிது. யாழ்ப்பாணத்துத் திண்ணைகள் இவ்வகையில் தவறின. அத்தவற்றால் தச்சரின் கணக்கும் அண்ணாவியாரின் தாளமும் அறிஞரின் ஏட்டிற் பதியாது போயின. இழப்பு திண்ணைக்கே.

வீட்டில் வளர்ந்த கலை வீட்டோடு அழியும் இடரும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அதனை உலகம் அறியும். 1995 ஒக்டோபரிற் குடாநாட்டு மக்கள் தென்மராட்சியும் வன்னியும் நோக்கிப் பெயர்ந்தபோது வீடுகளில் விடப்பட்ட ஏடுகளுக்கும் ஓவியங்களுக்கும் கூத்துக் கொப்பிகளுக்கும் ஒளிப்படங்களுக்கும் கணக்கெடுத்தார் எவருமிலர். வட்டத்தொட்டி நண்பர்களின் நூல்களிலும் கடிதங்களிலும் வாழ்கின்றது. அல்பொறாடா அரங்காய் வாழ்கின்றது. எழுதப்படாத திண்ணையும் முற்றமும் முதியோர் நினைவில் மாத்திரமே வாழ்கின்றன.

மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற இராமநாதன் இசைக்கல்லூரி பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நுண்கலைகளுக்கு உயர்கல்வி அளிக்கலாயிற்று. முன்னர்ப் பிறப்பினால் வரையறுக்கப்பட்ட கலைகள் அங்கு விரும்பினார் எவருக்கும் கற்பிக்கப்படுகின்றன. இது பெரும் பேறு. ஆயின் பாடத்திட்டமும் பரீட்சையும் துறைகளைப் பிரிக்கும் தன்மையன. இசை மாணவர் ஓவிய மாணவரோடு பரீட்சை மண்டபத்தில் உரையாட இயலாது. அவ்வுரையாடலுக்கு ஒரு வீடும், ஒரு மாலைப் பொழுதும், சிறிது தேநீரும், வந்தவர் எவராயினும் இருக்கை அளிக்கும் மனமும் வேண்டும். முதல் மூன்றும் யாழ்ப்பாணத்தில் என்றும் குறைவின்றி இருந்தன. நான்காவதும் சேருமாயின் திண்ணை மீண்டும் அவையாகும்.